மிஸ்ஸி கழற்றிய கொடி

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த நாட்களில் வெள்ளவத்தையில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மற்றப் பாதிப்பேர் கனடாவிலிருந்து டெலிபோன் எடுத்து அழுவார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. கொழும்பில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவது. அந்தத் தனியார் மருத்துவமனையில் வேறும் ஆறேழு மிஸ்ஸிமார் இருந்தார்கள். ஆனால் "மிஸ்ஸி வந்திட்டாவோ?" என்று கட்டிலில் கிடக்கும் ஒருத்தி கேட்டால், கேட்பது அவரைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

குள்ளமான, பருமனான உருவம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவார். ரப்பர் செருப்போடு வந்து, மருத்துவமனைப் படலையடியில் நின்று, பைக்குள் இருக்கும் வெள்ளைச் சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். அந்தச் சப்பாத்தில் தெருத் தூசு படக்கூடாதாம். மழை நாளில் குடை முதலில் சப்பாத்துப் பைக்கு, மிச்சம் இருந்தால் தலைக்கு.

அவருடைய கையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. உள்ளங்கை எந்த நேரமும் சூடாக இருக்கும். டெட்டோலும் முகப்பவுடரும் கலந்த ஒரு மணம். நாடி பார்க்கக் கையைப் பிடித்தார் என்றால், பார்த்து முடிந்த பிறகும் விடமாட்டார். மற்றக் கையால் துண்டுக் கடதாசியில் எழுதுவார், மணியை அடிப்பார், பக்கத்துக் கட்டில்காரியை அதட்டுவார், இந்தக் கை அங்கேயே இருக்கும். "பயப்படாதீங்க மகள். நான் இருக்கிறேன் தானே" என்பார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். சண்டையில் பாதை பூட்டியபின் கப்பலில் வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் ஒற்றை அறை மாடி அனெக்ஸில் ஒண்டியவர்கள். நான், அம்மா, அண்ணா. என் கணவர் அரசாங்க உத்தியோகம், ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே அகப்பட்டுக் கிடந்தார். பொலிஸ் பதிவு, சோதனைச்சாவடி, தமிழில் கதைத்தால் திரும்பிப் பார்க்கும் பஸ். அந்த நகரத்தில் எங்களைப் பார்த்துப் பயப்படாதே என்று சொன்ன ஒரே ஆள் மிஸ்ஸி. வயிற்றில் எட்டு மாதத்தோடு நிற்பவளுக்கு அப்படி ஒரு கை கிடைத்தால் அவள் விடுவாளா? நானும் விடவில்லை.

மிஸ்ஸிக்கு ஒரு குணம். எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாடாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிடுவார். அது உண்மையா பொய்யா என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

எனக்கு முந்தி அங்கே பிள்ளை பெற்ற ஒருத்தியின் தகப்பன், அவள் ஒப்பரேஷன் முடிந்து கிடந்த நாளில் ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனார். செய்தி புருஷனுக்கு வந்துவிட்டது. மிஸ்ஸி அவனை வாசலிலேயே மறித்து, முகத்தைக் கழுவச் சொல்லித்தான் உள்ளே விட்டார். அவள் ஒவ்வொரு நாளும் அப்பாவோடு கதைக்க வேண்டும் என்று கேட்பாள். "லைன் இல்ல மகள், ஊர் முழுக்க லைன் இல்ல" என்று மிஸ்ஸி சொல்லிக்கொண்டிருந்தார். தையல் வெட்டிய அன்று, தானே கட்டிலில் ஏறி இருந்து, அவளைக் கட்டிப்பிடித்துச் சொன்னாராம். சொல்லிவிட்டு அவளைவிடச் சத்தமாக அழுதாராம். அந்தக் கதையை ஒழுங்கை முழுக்க மெச்சிச் சொன்னார்கள். நானும் மெச்சினேன்.

இன்னொன்று நானே பார்த்தது. கிளினிக் முடிந்து நானும் இன்னொரு வயிற்றுக்காரியும் ஓட்டோவில் ஏற, வழியில் இறக்கிவிடச் சொல்லி மிஸ்ஸியும் ஏறினார். காலி வீதியில் ஆமிக்காரப் பெடியன் மறித்து அடையாள அட்டை கேட்டான். எங்கள் இரண்டு பேரின் அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மிஸ்ஸி தலையை வெளியே நீட்டி, "மல்லி" என்று தம்பி முறை வைத்துக் கூப்பிட்டு, சிங்களத்தில், இவர்கள் இருவரும் என் அக்காவின் மகள்மார், வெயிலில் மறித்து வைக்காதே என்றார். மிஸ்ஸியின் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் எப்படிப் பிள்ளை பிறந்தது என்று அவன் கேட்கவில்லை. குரலில் அப்படி ஒரு நிச்சயம். வீடு வந்து சேரும்வரை நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். ஒரே பொய்யில் எத்தனை பிரசவம் பார்க்கலாம் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

எனக்கு விடியற்காலையில் குத்து எழும்பியது. ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்குப் போனோம். சுகமாகப் பெற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊரில் என் பெரியம்மாவின் மகள் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் மூன்று பெற்றவள். யாழ்ப்பாணத்தில் மயக்க மருந்து இல்லை, ஆகவே எல்லோரும் பெற்றார்கள். கொழும்பில் மருந்து இருந்தது, ஆகவே எல்லோரும் கிழிபட்டார்கள். அந்த நாட்களில் எங்களுக்கு அது கணக்காகத் தோன்றவில்லை. கொழும்பு என்றால் வசதி, வசதி என்றால் சிசேரியன் என்று நினைத்துக்கொண்டோம். அங்கே கிழித்து அனுப்பப்பட்டவர்களுக்கு வெட்கம்கூட இல்லை, ஒரு மெல்லிய பெருமைதான்.

இரண்டு மணிக்கு டொக்டர் வந்தார். என்னைப் பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைக் கூடப் பார்த்தார். மிஸ்ஸியோடு வெளியே போய் ஏதோ கதைத்தார். மிஸ்ஸி மட்டும் திரும்பி வந்து, குழலை என் வயிற்றில் வைத்து, குனிந்து காதைக் கொடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறியது.

"மகள், புள்ளைக்குக் கொடி சுத்தியிருக்கு. கழுத்துல ரெண்டு சுத்து. பாத்துக்கிட்டு இருக்க ஏலாது."

தலைமாட்டில் நின்ற அம்மா "ஐயோ முருகா" என்றார். காட்டிய இடத்தில் எல்லாம் நான் கையெழுத்து வைத்தேன். கண் விழித்தபோது அந்தச் சூடான கை என் கைக்குள் இருந்தது. "பொம்புளப் புள்ள மகள். கொடிய என் கையாலேயே கழட்டினேன்" என்றார். நான் அந்தக் கையை இழுத்து முத்தம் கொடுத்தேன். கொடுத்ததை மறுக்க மாட்டேன். இன்றைக்கும் உதட்டில் அந்த டெட்டோல் கைக்கிறது.

அம்மாவுக்குப் பேத்தி பிறந்த சந்தோஷம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மாமன் அந்தப் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தால் அவன் உயிருக்கு மோசம். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிற முப்பத்தோராம் நாள், ஒரு வெண்கலச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, பிள்ளையின் முகத்தை அதில் விழப் பிடிப்பார்கள். மாமன் முதலில் எண்ணெயில் தெரிகிற முகத்தைப் பார்த்து, பிறகு பிள்ளையைப் பார்த்தால் தோஷம் போய்விடும். எண்ணெய் பார்க்கிறது என்று சொல்லுவோம். அண்ணா அம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை. வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரனின் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்களுக்கோ ஒற்றை அறை. முப்பது நாளும் பிள்ளையின் முகத்தில் முழிக்காமல் அவர் எங்கே இருப்பது? அம்மா என் கட்டிலில் இருந்தபடி இதையெல்லாம் மிஸ்ஸியிடம் ஒப்பாரி மாதிரிச் சொன்னார்.

மிஸ்ஸி முழுவதையும் கேட்டார்.

"அதுக்கென்ன அம்மா, எங்க தெருவுல ஒரு லொட்ஜ் இருக்கு. தெரிஞ்ச ஆள்தான். நான் சொல்லிவிடுறேன். முப்பது நாள் தானே, கண்ண மூடித் திறக்கக்குள்ள போயிரும்."

அம்மா அவரைக் கும்பிட்டார். அப்போதும் மிஸ்ஸியின் கை என் கையில்தான் இருந்தது. அதன் சூடு குறையவில்லை. அதை இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

அண்ணாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "நல்லெண்ணெய்தான் வேணுமோ, கோப்பி ஒண்டை ஊத்தி அதில பார்க்கக் கூடாதோ?" என்று கேட்டு அம்மாவிடம் பேச்சு வாங்கினார். ஆனாலும் அம்மாவின் மனத்துக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஒவ்வொரு பின்னேரமும் பஸ் ஏறி வந்து எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒழுங்கையில் நிற்பார். நான் மேலேயிருந்து கதைப்பேன். பிள்ளை உள்ளே அம்மாவின் மடியில் இருக்கும்.

"நித்திரையோ? ஒருக்கா நுள்ளி விடு தங்கச்சி, குரலையாவது கேப்பம்."

நுள்ளத் தேவையில்லை, அவள் தானாகவே அழுவாள். "சரியான தொண்டை. மாமாவைத்தான் திட்டுறாள்" என்று சிரிப்பார். ஒரு கிலுகிலுப்பை வாங்கி, அதைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வைத்தார். என் மகளிடம் அவளுடைய மாமாவின் பொருள் என்று இருப்பது அது ஒன்றுதான்.

இருபத்தேழாம் நாள் காலை கொட்டாஞ்சேனையில் ஆமியின் சுற்றிவளைப்பு. அண்ணாவின் பொலிஸ் பதிவு வெள்ளவத்தை விலாசத்தில் இருந்தது. முப்பது நாளுக்காக யார் பதிவை மாற்றுவார்கள்? பதிந்த இடம் ஒன்று, படுத்த இடம் இன்னொன்று. லொட்ஜில் இருந்த ஒன்பது பேரையும் ஏற்றினார்கள். எட்டுப் பேரின் கதை எப்படியோ முடிந்தது, சிலர் வந்தார்கள், சிலர் கம்பிக்குப் பின்னால் மறியலில் இருந்தார்கள். அண்ணாவை ஏற்றியதாகவே பதிவு இல்லை என்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

எண்ணெய் பார்க்கவென்று வாங்கிய வெண்கலச் சட்டியை முப்பத்தோராம் நாள் அம்மா எடுத்து வைத்தார். எண்ணெயை விட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பப் போத்தலுக்குள் வார்த்தார். அன்றையிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. பால் கரைப்பார், துணி தோய்ப்பார், காய்ச்சல் வந்தால் இரவிரவாக முழித்திருப்பார். தூக்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "அது எழும்பிட்டுது பார்" என்பார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாமனைத் தின்ற பிள்ளை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த வீடு முழுக்க அது கேட்டுக்கொண்டிருந்தது.

மிஸ்ஸியோ எங்களை விடவில்லை. வேலை முடிந்து, வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு புறப்பட்டுவிடுவார். பொலிஸ் நிலையம், முகாம் வாசல், யாரோ ஒரு பெரியவரின் அலுவலகம். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. மிஸ்ஸிதான் கதைப்பார், கெஞ்சுவார், வரிசையில் நிற்பார், அம்மா மயங்கி விழப்போனால் சோடா வாங்கிக் கொடுப்பார். "அடுத்த கிழமை விடுவாங்களாம் அம்மா, அந்தத் தொரையே சொன்னாரு." அந்தத் தொரை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அம்மா அந்த அடுத்த கிழமைகளில்தான் உயிரோடு இருந்தார். இப்படி ஒரு மனுசி உலகத்தில் உண்டா என்று நான் கடவுளைக் கும்பிடும்போது மிஸ்ஸியையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனோம். கேக் வெட்டி, கட்லட்டும் பற்றிஸும் கோப்பையில் வைத்துக்கொண்டு தாய்மார் ஆறு பேர் சுவரோரம் இருந்தோம். லண்டனிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பிள்ளையின் மாமன் பகிடிக்காரன். "இவன் பிறந்தநேரம் என்னை எண்ணெய்ச் சட்டிக்குள்ள தலையை விடச் சொன்னவை. அந்த மணம் இன்னும் மூக்கில இருக்கு" என்றான்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள், பிறந்தநாள் பிள்ளையின் தாயைப் பார்த்து, "உங்கட பிள்ளைக்கும் கொடியோ? எங்கட மூத்தவனுக்கும் கொடிதான், மூண்டு சுத்து" என்றாள்.

அடுத்தவள் நிமிர்ந்தாள். "என்ர மகளுக்கும். மிஸ்ஸி கண்டுபிடிச்சபடியால் தப்பினது."

"எங்களுக்கும் மிஸ்ஸிதான்."

ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கொடி. ஐந்து பேருக்கும் அதே மருத்துவமனை. ஐந்து கொடியையும் மிஸ்ஸி தன் கையாலேயே கழற்றியிருக்கிறார். கொடி சுற்றின பிள்ளை என்று வெளியே சொன்னால் கண்ணூறு, கெட்ட பெயர் என்று அவரவர் வீட்டுக்குள் பொத்தி வைத்திருந்த கதை அன்றுதான் ஒரே கோப்பையில் வந்து விழுந்தது. அவர்கள் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். ஆறாமவள் மட்டும் அரசாங்க ஆஸ்பத்திரியில் சுகமாகப் பெற்றவள். தனக்குக் கொடி இல்லாமல் போனதற்கு ஏதோ குறைந்துபோனவள் மாதிரி இருந்தாள்.

"எங்கட வீட்டு எண்ணெய் பார்த்தலுக்கு மிஸ்ஸியும் வந்தவ. வடை எல்லாம் நல்லாய்ச் சாப்பிட்டவ" என்றாள் முதலில் பேசியவள்.

நான் கையில் இருந்த கட்லட்டைத் திரும்பக் கோப்பையில் வைத்தேன். அவள் பிள்ளை என் மகளுக்கு ஒரு வயது மூத்தவன். அப்படியென்றால் அம்மா அன்று என் கட்டிலில் இருந்து ஒப்பாரி வைத்தபோது, எண்ணெய் பார்ப்பது என்றால் என்ன, மாமன் ஏன் விலகி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மிஸ்ஸிக்கு முன்னமே தெரியும். இருந்தும், அப்படி இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கும்பிட்ட மனுசியைச் சந்தேகிக்க மனம் லேசில் விடாது.

அதற்குள் என் கணவருக்கு இடமாற்றம் கிடைத்துக் கொழும்புக்கு வந்துவிட்டார். இரண்டாவது பிள்ளைக்கு நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்கு இரண்டு பேர். என் கட்டிலின் மற்றப் பாதியில் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண், நாலாவது பிள்ளைக்காரி. நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டுவிட்டு, "இங்க கட்டில் பாதிதான் புள்ள, ஆனா நேரம் முழுசு. பொறுத்துப் பாப்பாங்க" என்றாள்.

சிங்களப் பெண் டொக்டர் ஒருத்தி என் பழைய கார்ட்டை வாங்கிப் பார்த்தாள். முதல் பிள்ளைக்கு ஏன் வெட்டினார்கள் என்று கேட்டாள். கொடி சுற்றியிருந்தது என்றேன். அவள் கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேக்கே எஹெம தெயக் நெஹெ" என்றாள். இதில் அப்படி ஒன்றும் இல்லை. பிரசவம் முன்னேறவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஐந்து மணித்தியாலத்தில் எவ்வளவு முன்னேற வேண்டுமாம் என்று தனக்குத்தானே சொன்னாள். நான் விடவில்லை, மிஸ்ஸி குழல் வைத்துக் கேட்டுச் சொன்னாரே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழலில் இதயத் துடிப்புத்தான் கேட்கும், கொடி எத்தனை சுற்று என்றெல்லாம் கேட்காது என்றாள். கொடி சுற்றிய பிள்ளைகள் இந்த வார்டில் ஒவ்வொரு நாளும் சும்மா பிறக்கின்றன, பிறக்கும்போது கழற்றிவிடுவோம், அவ்வளவுதான் என்றாள்.

ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்துப் பார்த்தார்கள். மகன் சுகமாகப் பிறந்தான். அம்மா ஓடி வந்து அவனை வாரி எடுத்து, உச்சி மோந்து, பெயர் வைக்குமுன்னமே நூறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபின் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கார்ட்டைக் காட்டினேன். அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை. "கடதாசிக்கு என்ன தெரியும்? கழட்டினவ சொன்னவ எல்லோ" என்றார். ஒரு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் மகள் கேட்டாள். "அம்மம்மா தம்பியை மட்டும் தூக்கிறா. நான் பாரமோ?" அவளுக்கு ஐந்து வயது. அன்றே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

மிஸ்ஸியின் வீடு தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மாதா படத்துக்குக் கீழே ஒரு நீலப் பல்பு. வாசலில் வெள்ளைச் சப்பாத்து வெயிலில் காய்ந்தது. என்னைக் கண்டதும் மலர்ந்து, "வாங்க மகள்" என்று கையை நீட்டினார். நான் என் இரண்டு கையையும் பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"மிஸ்ஸி, என்ர பிள்ளைக்குக் கொடி சுத்தினதோ?"

நீட்டிய கையை அவர் மெல்ல மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அன்டைக்கு நாலு மணியோட ரோட்டை மூடுவாங்கண்டு கதை வந்திச்சு. டொக்டருக்கு இன்னும் ரெண்டு எடத்துல கேஸ். அரசாங்க ஆஸ்பத்திரியிலண்டா ஒரு டொக்டர் போனா மத்தவரு வருவாரு, பொறுத்துப் பாக்கலாம். எங்ககிட்ட ஒரு ஆள்தான். அவரு போனா ஒருத்தரும் இல்ல மகள். வெட்டிட்டுத்தான் போவாரு. தாய்க்கு என்னத்தச் சொல்றது? டொக்டருக்கு நேரமில்லண்டு சொல்லட்டா? கொடிண்டு சொன்னா ஒருத்தர் மேலயும் குத்தமில்ல. ஆண்டவர் செஞ்சதுண்டு போயிரும்."

"எண்ணெய் பார்க்கிறது உங்களுக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே அண்ணாவை லொட்ஜுக்கு அனுப்பினீங்களோ?"

"முப்பது நாள் தானேண்டு நெனச்சேன் மகள். முப்பது நாள்ல என்ன வந்துறப் போவுதுண்டு..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. அழுதார். தகப்பனை இழந்தவளோடு அழுதது போலவே, எனக்கும் சேர்த்து, சத்தமாக அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. நான் முத்தம் கொடுத்த கை அது. என் அண்ணாவைத் தேடி அலைந்த கையும் அதுதான். அவர் அழுது முடியும்வரை இருந்து, ஒன்றே ஒன்று கேட்டேன். வந்து அம்மாவிடம் சொல்லுங்கோ. கொடி இல்லையென்று உங்கள் வாயால் சொல்லுங்கோ. என்ர பிள்ளையை அவ ஒருக்கால் தூக்கட்டும்.

"சொல்றேன் மகள். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாறேன்."

வந்தார். வராமல் விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன், ஆனால் வந்தார். ரப்பர் செருப்பை வாசலில் விட்டு, பிள்ளைகளுக்கு மீன் அடைத்த மாலுபாண் பொட்டலத்தோடு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வழக்கம்போல அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மகள் கதவு நிலையோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா, மிஸ்ஸி உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வந்திருக்கிறா" என்றேன்.

அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கிவிட்டது. மிஸ்ஸி வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"மிஸ்ஸி, இவள் ஒரு வருசமாய் என்னைப் போட்டு அரிக்கிறாள். கொடி சுத்தினது உண்மைதானே? இல்லையெண்டா... இல்லையெண்டா நான் என்ர பிள்ளையை ஏன் அங்க அனுப்பினனான்? நானெல்லோ பெட்டி அடுக்கிக் குடுத்து அனுப்பினனான்."

மிஸ்ஸி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த முகம் எந்தப் பக்கம் சரியப் போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ரெண்டு சுத்து அம்மா" என்றார் மிஸ்ஸி. "என் கையாலேயே கழட்டினேன்."

சோதனைச்சாவடியில் கேட்ட அதே நிச்சயமான குரல். அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். மிஸ்ஸி மற்றக் கையை நீட்டி என் கையைத் தேடினார். பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன். சூடாக இருந்தது.

அந்த இடத்தில் நான் எழும்பி நின்று, பொய் சொல்லாதேங்கோ என்று கத்தியிருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ என்று கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. மிஸ்ஸி என்னைக் கழுத்தறுத்ததை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த அரை நிமிஷம் நானும் அவரைப் போலவே இருந்தேன் என்பதை என்னால் மன்னிக்க முடியாது.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு மிஸ்ஸி புறப்பட்டார். அம்மா வாசல்வரை போய் வழியனுப்பினார். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அவ கழட்டிட்டா எண்டுதானே சொன்னவ?"

"ஓம்."

"கழட்டினது எண்டா, பிறகேன் அம்மம்மா என்னைத் தூக்கிறேல்லை?"

ஜன்னலுக்குக் கீழே, அண்ணா நின்று இவளுடைய குரலைக் கேட்ட அதே இடத்தில், மிஸ்ஸி குடையை விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கை காட்டினார். பெரியவர்கள் கை காட்டினால் திருப்பிக் காட்ட வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். மகள் அவருக்குக் கை காட்டினாள்.